போர்வெல் போடுவதற்கு முன்: குமரியின் வறண்ட விளைகளில் தண்ணீரைக் காப்பாற்றும் வழி

குமரி மாவட்டம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது திற்பரப்பு அருவியும் ரப்பர் தோட்டங்களும்தான். ஆரல்வாய்மொழி, தோவாளை, மயிலாடி, அஞ்சுகிராமம், அழகப்பபுரம் பக்கம் ஒரு விளையை, அதாவது தோட்ட நிலத்தை, வைத்துக்கொண்டு பங்குனி வெயிலைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த மாவட்டத்தின் இன்னொரு முகம் தெரியும். மாவட்டத்திலேயே குறைவாக மழை பெறுவது ஆரல்வாய்மொழிச் சுற்றுவட்டாரம். ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 830 மில்லிமீட்டர். பெய்ததிலும் ஒரு பங்கை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் காற்று உறிஞ்சிக்கொண்டு போய்விடும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமான அதே காற்றுதான் நம் மண்ணையும் காயவைக்கிறது.

வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தவர்கள், வேலையில் ஓய்வு பெற்றவர்கள், தாத்தா வழியில் வந்த நிலத்தை இனியாவது பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் எனப் பலர் இப்போது இந்தப் பகுதியில் விவசாயத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. பெரும்பாலும் அவர்கள் செய்யும் முதல் வேலை, ஆழ்துளைக் கிணறு (போர்) போடும் வண்டிக்கு போன் போடுவது. அது கடைசி வேலையாக இருக்க வேண்டும் என்பதே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. மழையை நிலத்திலேயே நிறுத்துங்கள். மண்ணை மூடுங்கள். காற்றைத் தடுங்கள். இருக்கும் தண்ணீரை அளந்து, அதற்கேற்ற பயிரை வையுங்கள். அதன் பிறகு சொட்டுநீர். இவ்வளவும் செய்தும் போதவில்லை என்றால் மட்டும் போர். இந்த வரிசை மாறினால் பணமும் போகும், நிலத்தடி நீரும் போகும். நம் பகுதியில் பெரும்பாலும் கீழே இருப்பது கடும்பாறை. பாறை வெடிப்புகளில் ஊறிக் கிடக்கும் தண்ணீர்தான் போரில் வருகிறது. நீங்கள் ஆழமாகப் போட்டால் பக்கத்து விளைக்காரர் கிணறு வற்றும், அவர் உங்களைவிட ஆழமாகப் போடுவார். அந்தப் போட்டியில் ஜெயித்தவர் யாரும் இல்லை.

நிலம் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள்

கையில் இருக்கும் நிலம் எந்த வகை என்பதைப் பொறுத்தே மற்ற எல்லாம். சானல் (அணைக் கால்வாய்) தண்ணீர் வரும் ‘பத்து’ எனப்படும் நெல்வயல் ஒரு வகை. சானல் ஏறாத மேட்டு விளை இன்னொன்று. கடற்கரை ஓரத்து மணல் நிலம் மூன்றாவது.

பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிந்தது. பெருஞ்சாணியும் சிற்றாறு ஒன்றும் இரண்டும் பிறகு சேர்ந்தன. இந்த அணைகளின் தண்ணீர் தோவாளை சானல், அனந்தனார் சானல், நாஞ்சில் நாடு புத்தனார் சானல் வழியாகக் கிழக்கே வருகிறது. பொதுவாக ஜூனில் திறந்து பிப்ரவரி இறுதியில் அடைப்பார்கள். ஆகவே சானல் பாசனத்தில் உள்ளவர்களுக்கும் மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதம் சொந்தக் கணக்குதான். உங்கள் வயல் எந்தச் சானலின் கீழ், எந்தக் குளத்தின் ஆயக்கட்டில் (பாசனப் பரப்பில்), எத்தனையாவது மடையில் வருகிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் அக்கம்பக்கத்து விவசாயிகளிடமும் கேட்டு எழுதி வையுங்கள். கடைமடை என்றால் சானல் தண்ணீரை நம்பி முழுத் திட்டமும் போடாதீர்கள்.

கிணறு இருந்தால், பக்கத்து விளையில் வயதான ஒருவரைப் பிடித்து, “அண்ணாச்சி, மாசி பங்குனியில இந்தக் கெணத்துல எவ்வளவு தண்ணி கெடக்கும்?” என்று கேளுங்கள். எந்த இயந்திர ஆய்வும் சொல்லாததை அவர் சொல்லுவார். வறட்சி ஆண்டில் எந்தப் படிக்கட்டு வரை வற்றியது, எந்த மூலையில் ஊற்று இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

முடிந்தால் ஒரு மழைக்காலம் முழுவதும் நிலத்தில் எதுவும் கட்டாமல் கவனியுங்கள். ஐப்பசியில் பெரிய மழை பெய்யும்போது குடையோடு போய் நில்லுங்கள். தண்ணீர் எந்தப் பக்கமாக நுழைகிறது, எங்கே ஓடுகிறது, எந்த மூலையில் வரப்பை உடைத்து வெளியேறுகிறது என்பதை ஒரு காகிதத்தில் வரைந்து வையுங்கள். புல வரைபடத்தின் நகல் கையில் இருந்தால் அதிலேயே குறிக்கலாம்.

தண்ணீரைக் கணக்கெடுங்கள்

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். 50 சென்ட் விளையில் ஆண்டுக்கு 830 மில்லிமீட்டர் மழை என்றால் ஏறத்தாழ 16 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் உங்கள் தலைமேல் விழுகிறது. அதே 50 சென்டில் 25 அடி இடைவெளியில் 35 தென்னை நிற்கும். கோடையில் நாலு மாதம், ஒரு மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் என்று வைத்தாலும் தேவை 2 லட்சத்து 73 ஆயிரம் லிட்டர்தான். விழும் மழையில் ஆறில் ஒரு பங்கு. எல்லாவற்றையும் பிடித்துவிட முடியாது. ஆவியாகும், மழைக்காலத்தில் மரமே குடிக்கும், அடைமழையில் வழிந்தோடும். ஆனாலும் இந்தக் கணக்கை ஒருமுறை உங்கள் நிலத்துக்குப் போட்டுப் பார்த்துவிட்டால், போர் வண்டிக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தை வரப்புக்குச் செலவழிக்க மனம் வரும்.

அடுத்து கிணறு. இதை ஏப்ரலில் அளக்க வேண்டும். மார்கழியில் அளந்தால் எல்லாக் கிணறும் பெரிய கிணறாகத்தான் தெரியும். காலையில் கயிற்றில் கல்லைக் கட்டி நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டாரை ஓட்டி மட்டத்தை இறக்குங்கள். நிறுத்திய பிறகு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். 4 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணற்றில் 10 சென்டிமீட்டர் ஏறினால் ஏறத்தாழ 1,250 லிட்டர் ஊறியிருக்கிறது. கோடையில் ஒரு நாளைக்கு எத்தனை மரத்தை, எத்தனை வாழையைக் காப்பாற்ற முடியும் என்பதை இந்த ஊற்றுதான் தீர்மானிக்கும். கிணறு நிரம்பி நிற்பது சேமிப்பு மட்டுமே. வரவு என்பது ஊற்று.

மோட்டாரின் வேகத்தையும் அளந்துவிடுங்கள். 200 லிட்டர் டிரம் ஒரு நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 12,000 லிட்டர். இந்த எண் பின்னால் சொட்டுநீர் அமைக்கும்போது தேவைப்படும்.

கிணற்றுத் தண்ணீரையும் மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டால் எங்கே, எப்படி என்று சொல்வார்கள். அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது, தண்ணீரில் உள்ள உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன். அது மீட்டருக்கு 0.7 டெசிசைமன்ஸுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 3க்கு மேலே போனால் வாழையும் காய்கறியும் தாங்காது. தென்னை ஓரளவு தாங்கும்.

மழையை நிறுத்துவது

மேட்டு விளைகளில் சரிவு கண்ணுக்குத் தெரியாமல் ஏமாற்றும். சமதளம் போலவே இருக்கும், மழை வந்தால் மேல்மண்ணைச் சுரண்டிக்கொண்டு ஓடும். இதற்குச் சம உயர வரப்பு போட வேண்டும். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்து, சரிவுக்குக் குறுக்கே போடும் வரப்பு அது. சர்வேயர் தேவையில்லை. ஆறேழு அடி நீளமுள்ள இரண்டு கம்புகளை மேலே சேர்த்துக் கட்டி, கால்களை விரித்து, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு வையுங்கள். உச்சியிலிருந்து ஒரு கல்லைக் கயிற்றில் தொங்கவிடுங்கள். தரையில் நிறுத்தி, குறுக்குக் கம்பில் கயிறு தொடும் இடத்தைக் குறியுங்கள். இரண்டு காலையும் இடம் மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். இனி ஒரு காலை ஊன்றி, மறு காலை மேலும் கீழும் நகர்த்தி, கயிறு நடுப்புள்ளியில் வரும் இடத்தில் முளை அடியுங்கள். அப்படியே முன்னேறிக்கொண்டே போனால் வளைந்து நெளிந்து ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோட்டில் மேல்பக்க மண்ணை வெட்டிக் கீழ்பக்கம் போட்டால் வரப்பும் தயார், அதன் அருகே மழைநீர் தங்கும் வாய்க்காலும் தயார்.

கோடு வளைகிறதே என்று நேராக்கிவிடாதீர்கள். நேரான வரப்பில் பள்ளமான ஓர் இடத்தில் தண்ணீர் முழுவதும் திரண்டு உடைத்துக்கொண்டு போகும். வரப்பின் மேல் எலுமிச்சைப் புல்லோ வெட்டிவேரோ நட்டால் மண் கரையாது. மிஞ்சும் தண்ணீர் வெளியேற, கல் அடுக்கிய ஒரு கழிவு வழியையும் விட்டுவையுங்கள்.

தனித்தனியாக மரம் நிற்கும் இடங்களில் பிறைப் பாத்தி போதும். சரிவின் மேல்பக்கம் திறந்திருக்கும்படி அரைவட்டமாகக் கரை கட்டினால் மேலிருந்து வரும் நீர் மரத்தடியில் தேங்கி இறங்கும். மா, சப்போட்டா, நெல்லி கன்றுகளுக்கு இது மிக நல்லது.

பண்ணைக்குட்டை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நிலத்தின் தாழ்ந்த மூலையில், தண்ணீர் தானாக வந்து சேரும் இடத்தில் வெட்டினால் மட்டுமே பயன். செம்மண் சரலிலும் மணலிலும் குட்டை தண்ணீரைத் தாங்காது, இரண்டு வாரத்தில் இறங்கிவிடும். பாசனத்துக்குச் சேமிக்க நினைத்திருந்தால் அது ஏமாற்றம். கிணற்றுக்கு மேல்பக்கம் வெட்டியிருந்தால் அதுவே கிணற்றுக்கு ஊட்டம். எதற்காக வெட்டுகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். சேமிப்புக்கு என்றால் களிமண்ணோ தடித்த விரிப்போ போட வேண்டும். ஊறவிட என்றால் ஒன்றும் வேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை உழவன் செயலி வழியாக வாடகைக்கு எடுக்கலாம். குட்டையைச் சுற்றி வேலி கட்டாயம் போடுங்கள். கிராமத்துப் பிள்ளைகள் விளையாடும் இடம், இதில் அலட்சியம் கூடாது.

கிணற்றுக்கு நேரடியாக ஊட்டம் கொடுக்க, 3 மீட்டர் தள்ளி 2 மீட்டர் நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, அடியில் பெரிய கல், நடுவில் ஜல்லி, மேலே மணல் நிரப்பி, அடியிலிருந்து குழாய் வைத்துக் கிணற்றுக்குள் விடலாம். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை விடாதீர்கள். பூச்சிமருந்து அடிக்கும் வயலின் நீரையும் மாட்டுத்தொழுவ நீரையும் ஒருபோதும் விடாதீர்கள்.

மண்ணை மூடுவது

நான் மிகவும் நம்புவது இந்த வேலையைத்தான். செலவு குறைவு, பலன் முதல் கோடையிலேயே தெரியும். அதற்கு வேண்டிய பொருள் நம் மாவட்டத்தில் தெருவெங்கும் கிடக்கிறது.

தென்னை இருக்கும் இடத்தில் கதம்பைக்கு, அதாவது தேங்காய் மட்டைக்கு, பஞ்சமில்லை. உரித்த தேங்காயின் கதம்பையை அடுப்புக்கும் தும்பு (நார்) ஆலைக்கும் கொடுத்தது போக ஒரு பங்கையாவது மரத்தடியில் போடுங்கள். மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்தில் பாத்தி எடுத்து, மரத்துக்கு 100 கதம்பை என்ற கணக்கில் பரப்பலாம். மேலே பரப்பும்போது குவிந்த முதுகு வானத்தைப் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் வெயில் மண்ணைத் தொடாது. புதைப்பதாக இருந்தால் இதற்கு நேர்மாறு. மரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, 30 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழத்தில் வட்டமாகக் குழி எடுத்து, குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி மண் போட்டு மூடுங்கள். மழைநீர் குழிவில் தங்கி, நாரில் ஊறி, கோடையில் மெல்ல மெல்ல வேருக்குக் கிடைக்கும். இதை மழைக்காலம் தொடங்கும் முன் செய்துவிட வேண்டும். காய்ந்த கதம்பையைப் பங்குனியில் புதைத்தால் நீங்கள் ஊற்றும் தண்ணீரை அதுவே முதலில் குடிக்கும்.

கதம்பை கிடைக்காதவர்கள் மரத்துக்குப் பதினைந்து ஓலையை வெட்டிப் பரப்பலாம். தும்பு ஆலையிலிருந்து வரும் நார்க்கழிவையும் போடலாம். புதிதாக வந்த நார்க்கழிவை அப்படியே போடாமல், சாணமோ கோழி எருவோ கலந்து மக்கவைத்துப் போடுவது நல்லது. இல்லாவிட்டால் மக்கும்போது மண்ணில் உள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும்.

மூடாக்கை மரத்தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள். ஒரு அடி விடுங்கள். கறையான் ஏறாது. எருக்குவியலைத் தோப்புக்குள் மாதக்கணக்கில் போட்டுவைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, தென்னங்குருத்தைத் துளைக்கும். மெல்லியதாகப் பரப்புங்கள், குவித்து வைக்காதீர்கள்.

இளந்தோப்பில் மர வரிசைகளுக்கு நடுவே ஐப்பசியில் தட்டைப்பயறு, சணப்பை, கொழுஞ்சி விதைத்து, பூக்கும் பருவத்தில் அறுத்து அங்கேயே போட்டுவிடுங்கள். களை வராது, மண் இளகும், தழைச்சத்தும் சேரும். தை மாதத்துக்கு மேல் உயிரோடு விட்டால் மரத்தோடு தண்ணீருக்குப் போட்டி போடும் என்பதை மறக்க வேண்டாம்.

மணல் அதிகமுள்ள நிலத்துக்குக் குளத்து வண்டல் ஒரு வரம். தூர்வாரும் குளங்களில் விவசாயத்துக்கு வண்டல் எடுக்கத் தாசில்தாரிடம் அனுமதி வாங்கலாம். வண்டலும் மக்கிய எருவும் சேர்ந்த மண் தண்ணீரை எவ்வளவு நேரம் பிடித்துவைக்கிறது என்பதை ஒரு பாத்தியில் போட்டுப் பார்த்தாலே தெரியும்.

காற்று

கணவாய்ப் பகுதியில் வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, வெயிலைவிட மோசமாக நிலத்தைக் காயவைக்கும். வாழை இலை கிழிந்து தொங்குவதைப் பார்த்தாலே அதன் வேகம் புரியும். மேற்கு எல்லையில் இரண்டு மூன்று வரிசை மரவேலி வையுங்கள். வெளியே பனை, அடுத்து பூவரசு அல்லது சவுக்கு, உள்ளே நொச்சி, ஆடாதொடை, சீமைக்கொன்னை போன்ற குத்துச்செடிகள். மரவேலியின் உயரத்தைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் குறையும். இடைவெளியே இல்லாத மதில் அவ்வளவு நல்லதல்ல. காற்று அதன் மேல் ஏறி மறுபக்கம் சுழன்று விழும். ஓரளவு காற்றை விட்டு வடிகட்டும் வேலிதான் பயன்.

ஏற்கெனவே நிற்கும் பனையை வெட்டாதீர்கள். தமிழ்நாட்டில் அதற்கு அனுமதியும் வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் வாழையும் ரப்பரும் சரிந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, மரவேலியை எப்போதோ வரும் புயலுக்கான ஏற்பாடாக மட்டும் நினைக்காமல் ஆண்டுதோறும் வீசும் காற்றுக்கானதாகவும் நினைக்கத் தோன்றும்.

பயிர்

வாழை தண்ணீர் கேட்கும் பயிர். சொட்டுநீரிலேயே இளம் பருவத்தில் கன்றுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர், குலை தள்ளும் பருவத்தில் 20 லிட்டருக்கு மேலும் கேட்கும். ஏப்ரல் மாதத்து ஊற்றுக் கணக்கு இதற்கு இடம் கொடுக்கவில்லை என்றால் வாழையைக் கொஞ்சமாக வையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். செவ்வாழைக்கு வடசேரிச் சந்தையில் விலை நன்றாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு வைத்து, குலை தள்ளும் நேரத்தில் லாரித் தண்ணீர் வாங்கும் நிலைக்கு வந்துவிடக் கூடாது. அது ஒரு வருடத்துக்கு மேல் நிலத்தில் நிற்கும் ரகம், ஆகவே ஒரு முழுக் கோடையைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

மேட்டு விளைக்கு மா, சப்போட்டா, நெல்லி, முருங்கை, பனை. மரச்சீனி (மரவள்ளி) வேர்பிடித்த பின் வறட்சியைத் தாங்கும். தென்னை இருந்தால் இருப்பதைக் காப்பாற்றுங்கள். கிணறு பலமில்லாத இடத்தில் புதிதாகத் தென்னை வைக்க நான் சொல்லமாட்டேன்.

தண்ணீரைக் கொண்டு சேர்ப்பது

இப்போதுதான் சொட்டுநீர். அதற்கும் முன் ஒரு கேள்வி, உங்களுக்கு அது தேவைதானா? வீணாவது பெரும்பாலும் மரத்தடியில் இல்லை, கிணற்றிலிருந்து மரம் வரைக்கும் போகும் மண்வாய்க்காலில்தான். சரலிலும் மணலிலும் வாய்க்கால் பாதித் தண்ணீரை விழுங்கிவிடும். பத்துப் பதினைந்து மரம் மட்டும் இருக்கும் வீட்டு விளைக்கு, ஒரு பி.வி.சி. குழாயும் அதிலிருந்து ஓஸும் போதும். பாத்தியில் ஆறு நாளைக்கு ஒருமுறை மரத்துக்கு 400 லிட்டர் அளந்து விட்டு, மேலே கதம்பை மூடாக்கு போட்டால் நல்ல பலன் கிடைக்கும். மணல் நிலம் என்றால் அளவைக் குறைத்து அடிக்கடி விடுங்கள். ஒரேயடியாக விட்டால் வேருக்குக் கீழே இறங்கிவிடும்.

அதற்கு மேல் இருந்தால் சொட்டுநீர் அமையுங்கள். மரத்துக்கு மணிக்கு 8 லிட்டர் விடும் டிரிப்பர் (சொட்டுவான்) நாலு, மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் இரண்டு மணி நேரத்தில் 64 லிட்டர். கோடையில் தென்னைக்கு 65 முதல் 80 லிட்டர் என்ற அளவுக்கு இது சரியாக வரும். டிரிப்பரைத் தண்டை ஒட்டி வைக்காதீர்கள். உறிஞ்சும் வேர் அங்கே இல்லை.

நாம் அளந்து வைத்த மோட்டார் வேகம் இங்கே வருகிறது. 35 மரத்துக்கு மணிக்கு 1,120 லிட்டர்தான் வெளியேறும். மோட்டார் 12,000 லிட்டர் தள்ளுகிறது. மிச்ச அழுத்தம் குழாயைப் பிடுங்கிவிடும். ஆகவே மிஞ்சும் தண்ணீரைக் கிணற்றுக்கே திருப்பும் பைபாஸ் வால்வு அவசியம். இல்லையென்றால் உயரத்தில் ஒரு தொட்டி கட்டி நிரப்பி, அதிலிருந்து குறைந்த அழுத்தத்தில் விடலாம். சிறு விளைக்குத் தொட்டியே எனக்குப் பிடித்தது. மின்சாரம் வரும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

மானியம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 5 ஏக்கர் வரை நுண்ணீர்ப் பாசனத்துக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் கொடுக்கிறார்கள். வாழை, காய்கறி, பூ, பழமரம் என்றால் தோட்டக்கலைத் துறை. தென்னை என்றால் வேளாண்மைத் துறை. சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், வங்கிப் புத்தகம், புகைப்படம், தாசில்தார் கொடுக்கும் சிறு குறு விவசாயி சான்று ஆகியவற்றைத் தயார் செய்துகொண்டு போங்கள். பலர் மாட்டிக்கொள்வது கூட்டுப் பட்டாவில். தாத்தா பெயரில் கிடக்கும் நிலத்தை உட்பிரிவு செய்து உங்கள் பெயருக்கு மாற்றுவதற்கே மாதங்கள் ஆகலாம். அதை முதல் நாளே தொடங்குங்கள். அண்ணன் தம்பிக்குப் பொதுவான கிணறு என்றால் தண்ணீர் எடுக்க அவர்களின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். மானியத்தில் போட்ட நிலத்துக்கு 7 ஆண்டு கழித்துத்தான் மறுபடி மானியம் கிடைக்கும். ஆகவே போடும்போதே தரமான பொருளா என்று நின்று பாருங்கள்.

சொட்டுநீர் போட்டவர்கள் மூன்றாம் வருடம் அதைச் சுருட்டி மூலையில் எறிவதற்குக் காரணம் பெரும்பாலும் அடைப்புதான். வாரம் ஒருமுறை பில்டரைத் திறந்து கழுவுங்கள். பில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த மானிகளில் அரை கிலோவுக்கு மேல் வித்தியாசம் காட்டினால் உடனே கழுவ வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பக்கக் குழாய்களின் கடைசி மூடியைத் திறந்துவிட்டு, தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் அமிலச் சுத்தம் தேவைப்படும். அதை முதன்முறை, தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது.

பத்து வயலில் நெல்

கன்னிப்பூவுக்கு, அதாவது முதல் போக நெல்லுக்கு, நம் பெரியவர்கள் கோடைமழையின் ஈரத்தில் பொடிவிதைப்பாக (நாற்று நடாமல் புழுதியில் நேரடியாக) விதைத்தார்கள். தொளி உழவுக்கு (சேற்று உழவுக்கு) போகும் தண்ணீர் முழுவதும் மிச்சம். களைதான் தொல்லை. ஆள் கிடைத்து, முதல் முப்பது நாளும் களையைக் கட்டுப்படுத்த முடியும் என்றால் கடைமடைக்காரர்கள் இதை மறுபடி யோசிக்கலாம்.

நட்ட வயலில் எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. ஓர் அடி நீளமுள்ள பி.வி.சி. குழாயின் கீழ்ப்பாதியில் ஓட்டைகள் போட்டு, அந்தப் பாதியை மண்ணுக்குள் இறக்கி, உள்ளே உள்ள மண்ணை எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்போது அடுத்த தண்ணீர் விட்டால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். இந்த முறையில் 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகும். ஆனால் தண்ணீர் முறை வைத்து விடும் சானலில், உங்கள் முறை வரும்போது வாங்காமல் விட்டால் அடுத்த முறை எப்போது என்று சொல்ல முடியாது. கிணறோ குளத்து மடையோ உங்கள் கைக்குள் இருப்பவர்களுக்கே இது பொருந்தும்.

ரகங்களுக்குத் திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். நம் மண்ணுக்கென்றே டி.பி.எஸ். நெல் ரகங்களை வெளியிட்ட இடம் அது. கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுத்ததும் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தில் உளுந்து விதைத்தால் தனியாகத் தண்ணீர் விடாமலேயே ஒரு பயறு கையில் வரும்.

கடற்கரை மணலில்

ராஜாக்கமங்கலம், ஈத்தாமொழி, மணக்குடிப் பக்கத்து மணல் நிலங்களில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீரின் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் அடியில் உப்பு ஏறத்தாழ 40 மீட்டர் ஏறிவரும் என்பது நிலத்தடி நீரியல் கணக்கு. ஆகவே இங்கே கிணற்றை ஆழப்படுத்துவதும் பெரிய மோட்டார் வைப்பதும் வினையை விலைக்கு வாங்குவது. ஆழமில்லாத கிணறு, சிறிய மோட்டார், கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பது, கூரைமழையைக் கிணற்றுப் பக்கம் ஊறவிடுவது என்பவையே வழி. கோடையில் மாதம் ஒருமுறை தண்ணீரின் உப்பைச் சோதித்துப் பாருங்கள்.

குளமும் சானலும்

உங்கள் கிணற்றில் ஊறும் தண்ணீரில் ஒரு பங்கு ஊர்க்குளத்திலிருந்து வருவது. மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இருக்கின்றன. ஆகாயத்தாமரை மூடி, வரத்துக்கால் (குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால்) அடைந்து, மறுகால் (மிஞ்சும் நீர் வெளியேறும் வழி) ஆக்கிரமிக்கப்பட்டுக் கிடப்பவை அவற்றில் எத்தனையோ. சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கு 2022இல் முக்கியமான ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது பெருமைதான். உங்கள் ஊர்க்குளத்துக்கு எந்த அங்கீகாரமும் வேண்டாம், வரத்துக்கால் திறந்திருந்தால் போதும்.

புதிதாக வந்தவர்கள் பாசன சபைக் கூட்டங்களுக்கு வெட்கப்படாமல் போங்கள். முதல் வருடம் பேசாமல் உட்கார்ந்து கேளுங்கள். எந்த மடை யாருக்கு, சானல் திறந்தால் எந்தக் குளம் முதலில் நிரம்பும், யார் மடைக்கு ஆள் வைக்கிறார்கள், செலவு எப்படிப் பிரிகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். உங்கள் பங்குச் செலவைத் தாமதிக்காமல் கொடுத்துவிடுங்கள். உங்கள் நிலத்துக்குள் பழைய ஓடையோ வரத்துக்காலோ ஓடினால், பத்திரத்தில் எப்படி இருந்தாலும் அதை மண்போட்டு மூடாதீர்கள். கீழே ஒரு குளமும் அதை நம்பிய வயல்களும் இருக்கின்றன.

வரத்துக்கால் அடைப்பு, மடைப் பழுது போன்றவற்றை நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொண்டுபோகலாம். மனுவில் குளத்தின் பெயர், மடை எண், சர்வே எண், பாதிக்கப்படும் வயல்களின் தோராயமான பரப்பு ஆகியவற்றை எழுதி, இரண்டு புகைப்படமும் சேர்த்து, ஆயக்கட்டில் உள்ள நாலைந்து பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். சானல் அடைத்திருக்கும் மார்ச் முதல் மே வரைதான் தூர்வாரவும் மடை சரிசெய்யவும் ஏற்ற காலம் என்பதால், மனுவைத் தை மாதத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது.